கூழின் தலையில் கட்டிய பாரம்

கூழ் குடித்தால் மனச்சோர்வு போகாது. இந்த ஒரு வரியைச் சொல்ல ஒரு கட்டுரையே எழுத வேண்டிய காலத்துக்கு வந்துவிட்டோம்.

போனைத் திறந்தால் மண்சட்டி, சின்ன வெங்காயம், பின்னணியில் உறுமிச் சத்தம். "நம்ம பாட்டன் பூட்டனுக்கு டிப்ரஷன் வந்துச்சா? ஏன் வரல?" என்று ஒரு குரல் கேட்கிறது. பதிலையும் அதுவே சொல்கிறது. அவர்கள் பழைய சோறும் கூழும் சாப்பிட்டார்கள். நொதித்த உணவில் கோடிக்கணக்கான நல்ல பாக்டீரியா இருக்கிறது. உடலின் செரடோனினில் 90 சதவீதம் குடலில்தான் உருவாகிறது. ஆகவே குடலைச் சரிசெய்தால் மனசு சரியாகிவிடும். கடைசியில் ஒரு பாக்கெட்டைக் காட்டுகிறார்கள். ஜவ்வாது மலைச் சாமையைப் பழங்குடி முறைப்படி நொதிக்கவைத்துப் பொடியாக்கியதாம். ஸ்ட்ரெஸ், ஆங்ஸைட்டி, தூக்கமின்மை மூன்றுக்கும் அது ஒன்றே போதுமாம்.

நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். நான்கு வருடங்களாகப் பதற்ற நோய்க்கு மாத்திரை எடுத்துக்கொள்கிறேன். வாரத்தில் இரண்டு மூன்று நாள் கேழ்வரகுக் கூழும் குடிக்கிறேன், பிடிக்கும் என்பதால். ஆகையால் எனக்குக் கூழோடும் தகராறு இல்லை, மாத்திரையோடும் இல்லை. என் தகராறு அந்த விளம்பரத்தில் வரும் "ஆகவே" என்ற சொல்லோடுதான். அது அறிவியலைத் திரிக்கிறது, நோயாளியை ஏமாற்றுகிறது என்பதெல்லாம் ஒரு பக்கம். எந்த மலையின் பெயரை வைத்து விற்கிறார்களோ அந்த மலையில் வாழ்கிறவர்களின் துயரத்தையே அது இல்லாமல் ஆக்குகிறது. எனக்கு அதிகம் கோபம் வருவது இதில்தான்.

1

முதலில் நியாயமாக ஒன்றை ஒப்புக்கொள்வோம். குடலுக்கும் மூளைக்கும் தொடர்பு உண்டு என்பது கட்டுக்கதை இல்லை.

2004இல் ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழகத்தில் நொபுயுகி சுடோவும் சகாக்களும் ஒரு சோதனை செய்தார்கள். கிருமியே இல்லாத சூழலில் வளர்ந்த சுண்டெலிகளை அசைய முடியாமல் அடைத்துவைத்தபோது, சாதாரண எலிகளைவிட அவற்றுக்கு ஸ்ட்ரெஸ் ஹார்மோன்கள் அதிகமாக எகிறின. குட்டியாக இருக்கும்போதே ஒரு குறிப்பிட்ட பாக்டீரியாவைக் குடலில் குடியேற்றினால் அந்த எகிறல் அடங்கியது. 2011இல் அயர்லாந்தின் கார்க் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் இன்னொரு படி போனார்கள். லாக்டோபாசில்லஸ் ரம்னோசஸ் வகையில் ஒரு பாக்டீரியாவை எலிகளுக்குக் கொடுத்தபோது அவற்றின் பதற்றம் குறைந்தது. மூளையில் காபா என்னும் அமைதிப்படுத்தும் வேதிப்பொருளின் ஏற்பிகள் மாறின. குடலையும் மூளையையும் இணைக்கும் வேகஸ் நரம்பை வெட்டிவிட்ட எலிகளிடம் இந்த மாற்றம் வரவில்லை. அழகான சோதனை. 2013இல் அதே ஊரைச் சேர்ந்த டெட் டினானும் சகாக்களும் "சைக்கோபயாடிக்" என்ற சொல்லை அறிமுகப்படுத்தினார்கள்.

ரீல்ஸ்காரர்கள் இந்த இடத்தில் வீடியோவை நிறுத்திவிடுகிறார்கள். கதை அங்கே நிற்கவில்லை. 2017இல் கார்க் குழுவே அதே பாக்டீரியாவை 29 ஆரோக்கியமான ஆண்களுக்குக் கொடுத்துப் பார்த்தது. வெற்று மாத்திரைக்கும் அதற்கும் வித்தியாசமே இல்லை. கட்டுரைத் தலைப்பிலேயே "மொழிபெயர்ப்பில் தொலைந்ததா?" என்று கேட்டிருந்தார்கள். எங்கள் தொழிலில் தினமும் பார்க்கிற விஷயம் இது. என் மெஷினில் ஓடுகிறது, புரொடக்ஷனில் விழுகிறது. வித்தியாசம் என்னவென்றால், அந்த ஆய்வாளர்கள் விழுந்ததை மறைக்காமல் தங்கள் பெயரிலேயே வெளியிட்டார்கள்.

அதே வருடம் நியூசிலாந்தில் மனநிலை தாழ்ந்திருந்த 79 பேரிடம் இரண்டு பாக்டீரியாக்களின் கலவையை எட்டு வாரம் சோதித்தார்கள். பயன் இல்லை. நல்ல செய்தியும் இருக்கிறது. 2023இல் லண்டன் கிங்ஸ் கல்லூரியில், மருந்து எடுத்தும் முழுதாகக் குணமாகாத 49 மனச்சோர்வு நோயாளிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பதினான்கு வகை பாக்டீரியா கலந்த ஒரு தயாரிப்பைக் கூடுதலாகக் கொடுத்தார்கள். வெற்று மாத்திரை எடுத்தவர்களைவிட அவர்களுக்கு நன்றாகவே இருந்தது. கவனியுங்கள்: மருந்தை நிறுத்திவிட்டு அல்ல, மருந்தோடு சேர்த்து. அதுவும் முன்னோட்டச் சோதனை.

இனி அந்த 90 சதவீதக் கதை. செரடோனினில் பெரும்பங்கு குடலில் உருவாகிறது என்பது உண்மை. அது மூளைக்குப் போய்ச் சேருவதில்லை என்பதும் உண்மை. ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே இருக்கும் தடுப்பு அதை விடாது. மூளை தனக்கு வேண்டிய செரடோனினைத் தானே செய்துகொள்கிறது. நொதித்த உணவில் இருக்கும் காபாவின் கதையும் ஏறக்குறைய இதுதான். அந்தத் தடுப்பை அது எளிதில் தாண்டுவதில்லை. பாதி உண்மையைச் சொல்லி மீதியை விழுங்குவதற்கு நம் ஊரில் வேறு பெயர் உண்டு.

சரி, கூழுக்கு வருவோம். மாவைக் கரைத்து இரவு முழுக்கப் புளிக்கவிட்டு, மறுநாள் நொய்யோடு சேர்த்துக் காய்ச்சி, ஆறவைத்து, மோர் ஊற்றிக் கரைக்கிறோம். புளிக்கும்போது லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் பெருகுகின்றன. காய்ச்சும்போது பெரும்பாலும் சாகின்றன. ஆறிய கூழில் மறுபடி புதிதாக முளைக்கின்றன. எந்த வகை, எவ்வளவு என்பது வீட்டுக்கு வீடு, பானைக்குப் பானை மாறும். ஆய்வுக்கூடத்தில் வகையும் எண்ணிக்கையும் குறித்துக் கொடுக்கப்பட்ட ஒரு பாக்டீரியாவின் பலனை எடுத்து இந்தப் பானைக்குள் போடுவது எந்தக் கணக்கில் சேரும்? காயவைத்துப் பொடியாக்கிய பிறகு என்ன மிஞ்சும்? செத்த பாக்டீரியாவும் பலன் தரலாம், அதற்குப் போஸ்ட்பயாடிக் என்று பெயர் என்பார்கள். தரலாம்தான். ஆனால் 2021இல் அந்தச் சொல்லுக்கு வரையறை தந்த விஞ்ஞானிகள், நிரூபிக்கப்பட்ட பலன் இருந்தால்தான் அந்தப் பெயர் என்றார்கள். பாக்கெட்டில் பெயர் மட்டும் இருக்கிறது.

சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பழைய சோற்றை ஆய்வுக்கு எடுத்தது குடல் அழற்சி நோய்க்காக. குடல் மருத்துவர்கள், குடல் நோய், அதற்கான அளவுகோல்கள். கேள்வி கேட்கிற முறை அதுதான். அதை "பழைய சோறு டிப்ரஷனுக்கு மருந்து என்று ஸ்டான்லியே சொல்லிடுச்சு" என்று எனக்கு ஃபார்வர்டு செய்தவர் ஒரு எம்.டெக் பட்டதாரி.

2

"சரிப்பா, பலன் இல்லன்னா போவட்டும். கெடுதலும் இல்லல்ல? இயற்கைதானே?"

இந்தக் கேள்விக்குப் பதிலாக ஒரு வரலாறு இருக்கிறது. எல்-ட்ரிப்டோபான் என்பது உணவில் இருக்கும் அமினோ அமிலம். இதிலிருந்துதான் உடல் செரடோனினைத் தயாரிக்கிறது. 1980களில் அமெரிக்கக் கடைகளில் தூக்கத்துக்கும் மனச்சோர்வுக்கும் டென்ஷனுக்கும் "இயற்கையான" மாத்திரையாக இது விற்றது. பாக்டீரியாக்களைக் கொண்டு நொதித்தல் முறையில் தயாரானதுதான். 1989இல் அதைச் சாப்பிட்டவர்களுக்குத் தாங்க முடியாத தசைவலி வந்தது. ரத்தத்தில் ஒருவகை வெள்ளணுக்கள் தாறுமாறாக ஏறின. 1,500 பேருக்கு மேல் பாதிப்பு, குறைந்தது 37 பேர் சாவு. பெரும்பாலான பாதிப்புகளின் தடம் ஷோவா டெங்கோ என்ற ஒரே ஜப்பானிய நிறுவனத்தின் சரக்கில் போய் முடிந்தது. தயாரிப்பில் புகுந்த மாசுகள்மேல் சந்தேகம் விழுந்தது.

கூழ் குடித்தால் இப்படி ஆகும் என்று நான் சொல்லவில்லை. தலைமுறைகளாகக் குடிக்கும் கூழ் உணவு. அதிலிருந்து எதையோ பிரித்து, செறிவாக்கி, ஒரு நோயின் பெயரைச் சொல்லி விற்றால் அது மருந்து. மருந்தென்றால் சோதனை வேண்டும், பொறுப்பேற்க ஆள் வேண்டும். உணவு என்று சொல்லி உரிமம் வாங்கி, மருந்து என்று சொல்லிக் காசு வாங்குவது இரட்டை வேடம்.

இதைவிடப் பெரிய கெடுதல் கண்ணுக்குத் தெரியாது. சில வருடங்களுக்கு முன் நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் "குடல் நலம், மன நலம்" என்று ஒரு வகுப்பு நடத்தினார்கள். மூன்று மாதமாக ஞாயிற்றுக்கிழமையே பார்க்காத டீம் அது. பேச வந்தவர் மாத்திரை எல்லாம் "அடிமைப்படுத்தும்" என்றார். பக்கத்தில் இருந்த பையன் அன்றைக்கே தன் மாத்திரையை நிறுத்தினான். மனச்சோர்வு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், தூக்கம் கெடுவது, நோய் திரும்புவது எல்லாம் நடக்கலாம். நிறுத்துவதென்றால் மருத்துவர் சொல்லி மெதுவாகக் குறைக்க வேண்டும். இரண்டு வாரத்தில் அவன் நாற்காலி காலியானது. ஆறு மாதம் கழித்து வேறு ஊரில், வேறு வேலையில் சேர்ந்தான். வகுப்பு நடத்தியவருக்கு இது தெரியவே வராது. ரிலீஸ் தேதியும் ஒருநாள்கூடத் தள்ளிப்போகவில்லை.

3

இனி மலைக்குப் போகலாம். அந்தப் பாக்கெட்டின்மேல் அச்சடித்திருப்பது அதன் பெயரைத்தானே.

ஜவ்வாது மலை திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் பரவிக் கிடக்கிறது. உங்களில் பலர் பீமன் அருவிக்கோ காவலூர் வானாய்வகத்துக்கோ பைக்கில் போயிருப்பீர்கள். அங்கே வாழ்பவர்கள் மலையாளிப் பழங்குடிகள். பெயரைப் பார்த்துக் கேரளம் என்று நினைக்க வேண்டாம். தமிழ் பேசுகிற மலைவாசிகள். சாமை அவர்களின் பயிர். அதைப் பெரும்பாலும் சோறாகத்தான் பொங்குகிறார்கள். சாமையை உரலில் குத்திப் புடைத்து உமி நீக்குவது பெண்களின் தோளை முறிக்கும் வேலை. ரேஷன் அரிசி இலவசமாகக் கிடைக்கும் காலத்தில் வீட்டுக்குச் சாமை குறைந்து, விற்பனைக்குச் சாமை என்று ஆனதில் வியப்பில்லை. நகரத்தில் அந்தப் பொடியை வாங்குபவர், அதை விளைவித்தவர்கள் இன்று காலை ரேஷன் அரிசிச் சோறு தின்றுவிட்டு வேலைக்குப் போயிருப்பார்கள் என்பதை நினைப்பதில்லை.

"நொதித்த உணவு தின்னும் மலைமக்களுக்கு மன அழுத்தம் இல்லை" என்று ஒரு விளம்பரம் சொல்லும்போது, அதை எழுதியவர் 2015 ஏப்ரல் 7ஆம் தேதியைக் கேள்விப்பட்டதே இல்லை என்று புரிகிறது. அன்று ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டப் போனதாகச் சொல்லி 20 தமிழர்களைச் சிறப்புப் படை சுட்டுக் கொன்றது. திருவண்ணாமலை, தருமபுரி, சேலம் மாவட்டங்களின் கூலிகள். ஜவ்வாது மலைக்காரர்களும் அதில் இருந்தார்கள். அதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ பேர் ஆந்திரச் சிறைகளில் கிடந்தார்கள். ஒருகாலத்தில் சந்தனக் காடாக இருந்த மலை அது. சந்தனம் போனது. காட்டில் உரிமை கேட்டால், 2006இல் வந்த வன உரிமைச் சட்டம் தமிழ்நாட்டில் நீதிமன்றத் தடையால் வருடக்கணக்கில் முடங்கியது. மழையை நம்பிய ஒருபோகச் சாமை குடும்பத்துக்கு எத்தனை மாதம் தாங்கும்? கேரளத்துக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போகிறார்கள். மரம் வெட்டினால் ஒரே தடவையில் இத்தனை ஆயிரம் என்று தரகன் வந்து நிற்கிறான்.

ஜமுனாமரத்தூரில் இருந்து உள்ளே தள்ளி ஓர் ஊரில் ஒரு ஆயா எனக்குக் கூழ் ஊற்றினார். மகன்மேல் ஆந்திராவில் வழக்கு. வாய்தாவுக்குப் போகப் பஸ் காசுக்கே ஆட்டை விற்றிருக்கிறார்கள். தூக்கமே வருவதில்லை, நெஞ்சு படபடக்கிறது, யாராவது கதவைத் தட்டினால் உடம்பு நடுங்குகிறது என்றார். என் மருத்துவர் என்னிடம் கேட்ட கேள்விகள் ஒவ்வொன்றுக்கும் அவரிடம் பதில் இருந்தது. நான் பட்டணத்து விளம்பரத்தைப் பற்றிச் சொன்னேன். "கூழு குடிச்சா மனசு நல்லாயிடும்னு சொல்றாங்க ஆயா."

சிரித்தார். "கூழு குடிச்சா வவுறு குளுந்துபோவும் தம்பி. மனசு குளுரணும்னா கேசு முடியணும்."

எந்தப் பொடிக்காரரும் இதைவிடச் சரியாக ஸ்ட்ரெஸ் என்றால் என்னவென்று சொல்லி நான் கேட்டதில்லை. அந்த ஆயாவின் குடலில் குறை இல்லை. அவருக்கு வழக்கறிஞர் வேண்டும், மகன் வேண்டும், வருமானம் வேண்டும். கூடவே ஒரு மனநல மருத்துவரும் வேண்டும், ஏனென்றால் வழக்கு முடிந்தாலும் அந்த நடுக்கம் தானாக நிற்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

4

நொதித்தலில் உண்டாகி, மனநிலையை உடனே மாற்றி, சந்தேகத்துக்கு இடமே இல்லாமல் மூளைக்குள் நுழையும் சேர்மம் ஒன்று உண்டு. அது எத்தனால். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று வெளியேற்றுவது. கூழின் காபா தாண்டத் திணறும் தடுப்பை இது சுலபமாகத் தாண்டி, அதே காபா ஏற்பிகளின்மேல் போய் உட்காருகிறது. அன்றைய இரவுக்குப் பதற்றம் அடங்கும். விடிந்தால் இரட்டிப்பாகத் திரும்பும். நாள்பட்டால் மனச்சோர்வை ஆழமாக்கும்.

தமிழ்நாட்டில் ஸ்ட்ரெஸுக்கு ஏழைகள் எடுக்கும் நொதித்த மருந்து இதுதான். விற்பது அரசு. 2003இல் இருந்து சில்லறை விற்பனை முழுக்க டாஸ்மாக் கையில். 2023-24இல் அரசுக்கு வந்த வருமானம் 45,000 கோடி ரூபாய்க்கு மேல். அந்த விலைக்கும் வழி இல்லாதவர்கள் சாராயத்துக்குப் போகிறார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலும் கூலி வேலை செய்தவர்கள். உடம்பு வலிக்கும் மனசு வலிக்கும் ஒரே மருந்தாக அதைக் குடித்தவர்கள்.

நொதித்த பொருட்களுக்கும் மனநோய்க்கும் உள்ள உறவைப் பற்றித் தமிழில் பேச விரும்புகிறவர் முதலில் பேச வேண்டியது இதைத்தான். இதைப் பேசினால் பாக்கெட் விற்காது. அதனால் யாரும் பேசுவதில்லை.

5

"முன்னோருக்கு டிப்ரஷன் இல்லை" என்பவர்களுக்கு ஒரு கேள்வி. சென்னை கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் வரலாறு 1794இல் தொடங்குகிறது. குணசீலம் கோயிலில் மனம் பேதலித்தவர்களைத் தங்கவைக்கும் வழக்கம் நேற்று வந்ததில்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் கருகினார்கள். இவர்கள் எல்லாம் பீட்சா தின்று வளர்ந்தவர்களா? கூழும் பழைய சோறும் தின்றவர்கள்தான். பாட்டன் காலத்தில் நோய் இருந்தது, பெயர்தான் வேறு. பேய் பிடித்தது என்றோம், செய்வினை என்றோம், "அவ அப்படித்தான்" என்று மூலையில் உட்காரவைத்தோம். அந்தப் பாட்டிகளின் துயரத்தைத் துடைத்துவிட்டுத்தான் இன்றைய பாரம்பரியப் பெருமை நிற்கிறது.

"அப்ப நீ மருந்துக் கம்பெனிக்கு ஆளா?" என்று கேட்பார்கள். இல்லை. மருந்துக் கம்பெனிகள் செய்த பித்தலாட்டங்கள் ஏராளம். பாதகமான முடிவுகளை அமுக்கியதும் மிகைப்படுத்தியதும் ஆவணமாகவே இருக்கிறது. அதைப் பிடிக்க நமக்கு உதவிய அளவுகோல்தான் இந்தப் பொடிக்கும். ஒருவனுக்கு மட்டும் அளவுகோலை நீட்டி, இன்னொருவன் மண்சட்டியோடு வந்தான் என்பதற்காக மடக்கி வைக்க முடியாது.

உணவு மனநிலைக்கு உதவாது என்றும் நான் சொல்லவில்லை. ஆஸ்திரேலியாவில் ஃபெலிஸ் ஜாக்கா குழு 2017இல் வெளியிட்ட சோதனையில், மனச்சோர்வு உள்ள 67 பேரில் ஒரு பாதிக்கு 12 வாரம் உணவு நிபுணர் துணையோடு காய்கறி, பருப்பு, மீன், முழுதானியம் என்று சாப்பாட்டை மாற்றினார்கள். மூன்றில் ஒருவர் அளவுக்கு நோயின் பிடியில் இருந்து வெளியே வந்தார்கள். வெறும் பேச்சுத்துணை கிடைத்தவர்களில் அது 8 சதவீதம்தான். சின்னச் சோதனை, ஆனாலும் நம்பிக்கை தருவது. அங்கே வேலை செய்தது ஒரு பொடி அல்ல. முழுச் சாப்பாடு, அதை வாங்க வழி, சமைக்க நேரம், கூடவே வந்து கேட்க ஒரு ஆள். பெங்களூரு நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பு, நோயின் வகையைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதம் பேருக்குச் சிகிச்சையே கிடைப்பதில்லை என்றது. சிகிச்சையே எட்டாத நாட்டில் "சிகிச்சை வேண்டாம், கூழ் போதும்" என்பது ஆறுதல் வார்த்தை இல்லை. அரசுக்கும் முதலாளிக்கும் வசதியான வார்த்தை. உன் துக்கத்துக்குக் காரணம் உன் குடல் என்று ஆகிவிட்டால், வேலை நேரத்தை யாரும் குறைக்க வேண்டாம், மலைக்கு யாரும் மருத்துவரை அனுப்ப வேண்டாம்.

அந்த மலையில் இருந்து வேலூர் பக்கமாக இறங்கினால் பாகாயம் வரும். அங்கே சி.எம்.சி.யின் மனநல மையம் 1957இல் தொடங்கியது. நோயாளியோடு குடும்பமும் தங்கவேண்டும் என்ற ஏற்பாட்டுக்குப் பெயர் பெற்ற இடம். கேட்க நல்லாத்தான் இருக்கிறது. ஆனால் மலையில் இருந்து இறங்கி ஒரு குடும்பமே வந்து தங்குவதென்றால் இத்தனை நாள் கூலி போகும், ஆட்டை யார் மேய்ப்பது, பஸ் காசு யார் தருவது? அரசு மக்களைத் தேடி மருத்துவம் என்று 2021இல் ஆரம்பித்து ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை கொண்டுபோய்க் கொடுக்கிறது. நல்ல காரியம். அந்தப் பையில் மனநோய் மாத்திரையும், அந்த ஊருக்கு மாதம் ஒருமுறையாவது ஒரு மனநல மருத்துவரும் வரவேண்டும் என்று கேட்கலாம். இலக்கியக் கூட்டத்தில் நாம் பாரம்பரியம் பேசும் நேரத்தில் பாதியை இதற்குச் செலவழிக்கலாம்.

நோய் தீர்க்கும் என்று பொய் விளம்பரம் செய்பவர்களைப் பிடிக்கச் சட்டம் புதிதாக வேண்டியதில்லை. 1954இல் இருந்து மாய மருந்து விளம்பரத் தடைச் சட்டம் இருக்கிறது. மூளைக் கோளாறுகளும் சித்தப்பிரமையும் அதன் பட்டியலில் உண்டு. 2006 உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம். அடுத்த முறை அப்படி ஒரு ரீல் வந்தால் ஷேர் செய்யாமல் புகார் கொடுங்கள்.

சாமையை வாங்குங்கள். ஜவ்வாது மலைக்காரர்களிடமே நேராக, பேரம் பேசாமல் வாங்குங்கள். ருசிக்காக, பசிக்காக, விளைவித்தவருக்குக் காசு போய்ச் சேரட்டும் என்பதற்காக. கூழை மோர் ஊற்றிக் குடியுங்கள், தொட்டுக்கொள்ள மோர் மிளகாய் நன்றாக இருக்கும். ராத்திரியில் தூக்கம் இல்லாமல் நெஞ்சு படபடத்தால், வாழ்க்கை போதும் என்று தோன்றினால், 14416க்கு அழையுங்கள். 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். அரசின் இலவச எண் அது. மலையில் இருக்கும் ஆயாவுக்கும் அந்த எண்ணைச் சொல்லிவிட்டு வந்தேன். அவர் ஊரில் டவர் கிடைப்பது ஒரு பாறைமேல் ஏறி நின்றால்தான்.